அமெரிக்க நாயிபுகளின் ஆயுட்கணக்கு

அரபு மொழியில் ‘நாயிப்’ என்றொரு சொல்லும் ‘கலீஃபா’ என்றொரு சொல்லும் உண்டு. ஒருவர் இருக்கும்போதே அவருக்குப் பதிலாக நின்று பணியாற்றுபவர் நாயிப். ‘கலஃப’ என்னும் வினைக்குப் பின்வருதல் என்பது பொருளாதலின், முன்னவர் அகன்ற பிறகு அவரிடத்தில் வந்தமர்பவரைப் பெரும்பாலும் கலீஃபா என்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியற் சட்டத்தை 1787இல் வரைந்தவர்கள் இவ்விரு பொருள்களையும் ஒரே மனிதர்மீது ஏற்றிவைத்தனர். அவரே துணை ஜனாதிபதி. ஜனாதிபதி உயிரோடிருக்கும் வரை செனட் சபைக்குத் தலைமை வகிப்பதும், அங்கே வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தம் வாக்கை அளிப்பதுமே சட்டம் அவருக்கு ஒதுக்கிய வேலை. ஜனாதிபதி மூச்சை நிறுத்திய கணத்திலோ நாடே அவர் கைக்கு வந்துவிடும். ஆகவே அவருடைய பதவியின் பெறுமதி இன்னொருவருடைய ஆயுளில் அடங்கியிருக்கிறது.

1841இல் இது முதன்முதலாகச் சோதனைக்கு வந்தது. 68 வயதான வில்லியம் ஹென்றி ஹாரிசன் மார்ச் 4ஆம் நாள் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். 31 நாள்களில் மறைந்தார். துணைவர் ஜான் டைலருக்கு அப்போது 51 வயது. வர்ஜீனியாவின் வாக்குகளை ஈர்க்கவென்று சேர்க்கப்பட்டவர் அவர். ஜனாதிபதியின் பணிகளைக் கவனிக்கும் துணை ஜனாதிபதியாகவே நீங்கள் இருக்கவேண்டும் என்று சிலர் வாதாடினர். டைலர் இணங்கவில்லை, நானே ஜனாதிபதி என்றார். அதாவது, நான் நாயிப் அல்லன், கலீஃபா என்றார். அவர் நிறுவிய வழக்கமே நிலைத்தது. அது சட்டத்தில் எழுத்தாக ஏறியதோ 1967இல்தான்!

1789 முதல் 2025 வரை இப்பதவிக்கு வந்தவர்கள் 50 பேர். அவர்களுள் 9 பேர், இருந்த ஜனாதிபதி இறந்தோ விலகியோ போனதால், இடையிலேயே அந்த நாற்காலியில் அமர்ந்தனர். 7 பேர் பதவியிலிருக்கும்போதே தாம் மாண்டனர். ஏறத்தாழ மூவரில் ஒருவருடைய வாழ்வை மரணமோ விலகலோ இவ்வாறு திருப்பிவிட்டிருக்க, அவர்களைத் தேர்ந்தெடுத்த கட்சித் தலைவர்கள் யாருடைய நாடியையும் பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எந்த மாநிலத்தின் வாக்கு இவரால் வரும் என்ற ஒன்றையே பார்த்தனர்.

இதனால் விளைந்த பெரிய கேடு ஆபிரகாம் லிங்கன் காலத்தது. அவருடைய முதல் துணைவர் மெயின் மாநிலத்து ஹானிபல் ஹாம்லின். லிங்கன் பிறந்த 1809ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அடிமை முறையை வெளிப்படையாக வெறுத்தவர். 1864இல் பால்டிமோரில் கூடிய கட்சி மாநாடு அவரை ஒதுக்கிவிட்டு, தென்பகுதியைச் சேர்ந்தவராயினும் ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஆண்ட்ரூ ஜான்சனைத் துணைவராக்கியது. மாற்றுக் கட்சியாரின் வாக்கையும் பெறலாம் என்பதே கணக்கு. 1865 மார்ச் 4இல் ஹாம்லின் இறங்கினார், ஜான்சன் ஏறினார். 42ஆம் நாள் லிங்கன் குண்டடிபட்டு மாண்டார்.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் வாழ்வு அந்த 42 நாள்களில் கைமாறிவிட்டது எனலாம். தென்கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்த நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பித் தரச் செய்தார் ஜான்சன். அவர்களுக்குக் குடியுரிமை அளிக்கும் மசோதாவை 1866இல் தடுத்தார். காங்கிரஸ் அத்தடையை மீறியே அதனைச் சட்டமாக்க வேண்டியதாயிற்று. ஹாம்லினோ 1891 வரை வாழ்ந்து, 81 வயதில் இறந்தார். நான்காண்டுத் தவணையை ஆறுமுறை முடித்திருக்கக்கூடிய ஆயுள் அவருக்கு எஞ்சியிருந்தது. அவர் ஜனாதிபதியாகியிருந்தால் எல்லாம் செம்மையாயிருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் அந்த மக்களின் நிலத்தைப் பறிக்க அவர் கையெழுத்திட்டிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆயுளின் விளையாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுவது லெவி மார்ட்டனின் கதை. நியூயார்க்கின் செல்வந்தர்; வங்கித் தொழிலில் பொருளீட்டியவர். 1880இல் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் துணைவராக நிற்குமாறு அவரை அழைத்தனர். அவருடைய மாநிலத்துக் கட்சிப் பெருந்தலைவரான காங்க்லிங் என்பார் வேண்டாமென்று தடுத்தார், மார்ட்டன் ஒதுங்கிக்கொண்டார். அதே அழைப்பு அடுத்து செஸ்டர் ஆர்தரிடம் போயிற்று. அவரையும் காங்க்லிங் தடுத்துப் பார்த்தார், ஆர்தர் கேட்கவில்லை. 1881 ஜூலையில் கார்ஃபீல்டு சுடப்பட்டார், செப்டம்பர் 19இல் இறந்தார். ஆர்தர் ஜனாதிபதியானார்.

அன்றைய இரவில் ஆர்தருக்குப் பின் வர ஒருவருமில்லை. துணை ஜனாதிபதி இல்லை. காங்கிரஸ் கூடாத காலமாதலால் செனட்டின் இடைக்காலத் தலைவரும் இல்லை, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரும் இல்லை. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குப் போகும் வழியில் தமக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். செனட்டை உடனே கூட்டும் அறிவிப்பொன்றை எழுதி, வெள்ளை மாளிகை முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிட்டே புறப்பட்டார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பின் அதனை அழித்தார். ஒரு பெரிய நாட்டின் தலைமை சில மணி நேரம் தபால் பையில் கிடந்திருக்கிறது!

ஆர்தருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. அதை மறைத்து ஆண்டு, 1886இல் 57 வயதில் இறந்தார். பதவியை மறுத்த மார்ட்டனோ பிரான்சுக்குத் தூதராகப் போனார். திரும்பி வந்து 1889 முதல் 1893 வரை பெஞ்சமின் ஹாரிசனுக்குத் துணை ஜனாதிபதியாகவே இருந்தார். பின்னர் நியூயார்க்கின் ஆளுநரானார். பெஞ்சமின் ஹாரிசன் நலமாகத் தம் தவணையை முடித்துக்கொண்டார். மார்ட்டன் 1920 மே 16ஆம் நாள், தம் 96ஆவது பிறந்தநாளன்றே, உயிர் நீத்தார்.

தேதிகளைப் பற்றிப் பேசும்போது மேலும் இரண்டு செய்திகள். முதல் இரு துணைவர்களான ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டின் விடுதலைப் பிரகடனத்தின் பொன்விழா நாளன்று, முறையே 90, 83 வயதில் சில மணி நேர இடைவெளியில் மறைந்தனர். மேலே கண்ட ஹாம்லின் இறந்ததும் ஒரு ஜூலை 4தான். பதவியிலிருந்தே மாண்ட எழுவருள் கெரி, வில்சன், ஹெண்ட்ரிக்ஸ், ஹோபார்ட் ஆகிய நால்வர் வெவ்வேறு ஆண்டுகளில் நவம்பர் 21க்கும் 25க்கும் இடைப்பட்ட நாள்களில் மாண்டனர். இதற்குப் பொருள் தேடிப் போவது சோதிடர் வேலை. நாம் குறித்துவிட்டு நகர்வோம்.

அந்த எழுவருள் ஜார்ஜ் கிளின்டனும் எல்பிரிட்ஜ் கெரியும் ஒரே ஜனாதிபதியான மாடிசனின் துணைவர்கள். மெலிந்த உடலும் ஓயாத நோயும் கொண்ட மாடிசன் இருவரையும் வழியனுப்பிவிட்டு 85 வயது வரை வாழ்ந்தார். வில்லியம் கிங்கின் நிலை இரங்கத்தக்கது. காசநோய்க்காகக் கியூபாவில் தங்கியிருந்த அவருக்காகக் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியது. 1853 மார்ச் 24இல் அந்த அயல்மண்ணிலேயே பதவிப் பிரமாணம் எடுத்தார். அலபாமாவிலுள்ள தம் பண்ணைக்குத் திரும்பிய மறுநாள், ஏப்ரல் 18இல், இறந்தார். ஒருநாள்கூடச் செனட்டின் தலைமை இருக்கையில் அமரவில்லை.

1899 நவம்பரில் 55 வயதில் இதயநோயால் இறந்த காரெட் ஹோபார்ட்டின் பெயர் இன்று அமெரிக்கர் பலருக்கே நினைவிராது. ஆனால் அவருடைய இடம் காலியானதால்தான், நியூயார்க் ஆளுநராக இருந்து கட்சிக்காரர்களுக்குத் தலைவலியாகியிருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டை அங்கே தள்ளிவிட வழி பிறந்தது. துணை ஜனாதிபதி பதவி அரசியல்வாதியைப் புதைக்கும் இடம் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. 1901 செப்டம்பரில் மெக்கின்லி சுடப்பட்டு இறக்க, புதைக்கப்பட்டவர் 42 வயதில் அந்நாட்டின் மிக இளைய ஜனாதிபதியாக எழுந்து வந்தார்.

வயதைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது? ஜனாதிபதியாகும் தகுதியில்லாதவர் துணைவராகவும் ஆகக்கூடாது என்று 1804இல் விதித்தனர். ஆகவே 35 வயது நிரம்ப வேண்டும். மேல் எல்லை கிடையாது. 1857இல் 36 வயதில் வந்த பிரெக்கின்ரிட்ஜே யாவரினும் இளையவர். உள்நாட்டுப் போரில் எதிரணியில் சேர்ந்து போரிட்ட அவர் 54 வயதில் இறந்தார். 1953இல் நிக்சனும், 2025 ஜனவரியில் வான்ஸும் 40 வயதில் பொறுப்பேற்றனர். வான்ஸின் தலைவர் டிரம்புக்கு அன்று 78 வயது. யாவரினும் மூத்தவராய் வந்தவர் 1949இல் 71 வயதான பார்க்லி. மிகக் குறைந்த ஆயுள் டேனியல் டாம்ப்கின்ஸுக்கு. 1812இல் மூண்ட போருக்காக, நியூயார்க் ஆளுநராயிருந்த அவர் தம் பெயரில் கடன் வாங்கி, கணக்குக் காட்ட இயலாமல் கடனிலும் மதுவிலும் மூழ்கினார். இரு தவணைகள் துணை ஜனாதிபதியாக இருந்து இறங்கிய 99ஆம் நாள், 51 வயது நிரம்பப் பத்து நாள் இருக்கையில் மாண்டார்.

ஆயுளை எண்ணியே துணைவரைத் தேர்ந்த ஆண்டு ஒன்று உண்டு: 1944. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உடல் தளர்ந்ததை அருகிலிருந்தோர் அறிந்திருந்தனர். துணைவராயிருந்த ஹென்றி வாலஸை விலக்கி ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தனர். 82 நாள்களில் அவர்கள் அஞ்சியது நடந்தது. அவ்வளவு முன்யோசனை உடையோர், அணுகுண்டு தயாராகிக்கொண்டிருந்த செய்தியை மட்டும் அந்த 60 வயது மனிதருக்குச் சொல்லாமல் விட்டனர்! ஜனாதிபதியான பிறகே அதன் முழு விவரமும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

எல்லாத் துணைவர்களிலும் நெடிய ஆயுள் பெற்றவர் டெக்சாஸ்காரரான ஜான் நான்ஸ் கார்னர். பிறப்பு 1868 நவம்பர் 22. இறப்பு 1967 நவம்பர் 7. 99 வயது நிரம்பப் பதினைந்தே நாள் குறைவு. நம் வீட்டுப் பெரியவர்கள் எண்ணுவதுபோல் பிறைக் கணக்கில் எண்ணினால் ஏறத்தாழ 102 வயது. 1933இல் அவர் பதவியேற்கும் முன்னரே, மியாமி நகரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நோக்கி ஒருவன் சுட்டான். குண்டு தவறிச் சிகாகோ மேயரின் உயிரைக் கொண்டுபோயிற்று. தவறாதிருந்தால் கார்னரே அந்நாட்டை ஆண்டிருப்பார்.

1963 நவம்பர் 22ஆம் நாள் காலையில், தம் 95ஆவது பிறந்தநாளில் இருந்த இம்முதியவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார், டெக்சாஸுக்கு வந்திருந்த ஜனாதிபதி கென்னடி. அவருக்கு வயது 46. அன்று நண்பகலில் டல்லாஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஐந்து நாள் கழித்துக் காங்கிரஸின் முன் உரையாற்ற எழுந்தார் புதிய ஜனாதிபதி லின்டன் ஜான்சன். 1955இல் கடுமையான மாரடைப்புக்கு ஆளானவர் அவர். அவருக்குப் பின்னே உயர்ந்த இருக்கைகளில் இருவர் அமர்ந்திருந்தனர்: 71 வயதான சபாநாயகர் மெக்கார்மக், 86 வயதான செனட் இடைக்காலத் தலைவர் கார்ல் ஹெய்டன். ஜான்சனுக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த வரிசையில்தான் ஆட்சி போகவேண்டும். துணைவர் இறந்தாலோ விலகினாலோ உயர்ந்தாலோ அடுத்த தேர்தல்வரை அவ்விடம் காலியாகவே கிடக்கும் என்பது அதுவரை இருந்த முறை. அவ்வாறு 16 முறை, மொத்தம் 37 ஆண்டுகளுக்கும் மேலாக, அது காலியாகக் கிடந்தது. கண்முன் தோன்றிய அக்காட்சியே சட்டத்தை அசைத்தது எனலாம். 1967 பிப்ரவரியில் 25ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. காலியிடத்திற்கு ஜனாதிபதி ஒருவரை முன்மொழிய, காங்கிரஸின் இரு சபைகளும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்றாயிற்று. 1973இல் ஜெரால்டு ஃபோர்டு அவ்வழியில்தான் வந்தார். மறு ஆண்டே ஜனாதிபதியானார். 93 வயது வரை வாழ்ந்தார்.

அந்தத் திருத்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஜனாதிபதி நினைவிழந்து கிடந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். துணை ஜனாதிபதி நினைவிழந்து கிடந்தால்? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2001இல் பதவியேற்ற டிக் செனி 37 வயதிலேயே முதல் மாரடைப்பைக் கண்டவர். இந்த ஓட்டையை அறிந்து, பதவிக்கு வந்த சில வாரங்களுக்குள், அவ்வாண்டு மார்ச்சில், தம் பதவி விலகற் கடிதத்தைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டுத் தம் சட்ட ஆலோசகரிடம் ஒப்படைத்தார். பக்கவாதமோ மாரடைப்போ வந்து தாம் செயலற்றுப் போனால் அதை ஜனாதிபதியிடம் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. எட்டாண்டுகளும் அக்கடிதம் வெளியே வராமலே இருந்தது. 2011இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில்தான் செனி அதை வெளியிட்டார். மறு ஆண்டு அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது. 2025 நவம்பர் 3இல், 84 வயதில் மறைந்தார்.