தீ மீளும் காலம்: முதுமலைக் காடும் சேத்தியாத்தோப்புக் கரும்பு வயலும்

ஓரிடம் எரிந்தபின் அதே இடம் மறுபடி எரியச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது என்பதே தீ மீள்வு இடைவெளி. கணக்கு எளியது. 100 சதுர கிலோமீட்டர் காட்டில் 20 ஆண்டுகளில் எரிந்த பரப்புகளைக் கூட்டினால் 400 சதுர கிலோமீட்டர் வருகிறது என்றால், காடு முழுவதும் நான்கு முறை எரிந்ததற்குச் சமம். இடைவெளி 5 ஆண்டு. எதை எரிந்த பரப்பாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல்.

தமிழகத்தில் இக்கணக்குக்கு நல்ல களம் முதுமலை. கோதண்டபாணி, காக்ரேன், சுகுமார் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1909–1921 காலத்தில் சுமார் 10 ஆண்டாக இருந்த இடைவெளி 1989–2002இல் 3.3 ஆண்டாகச் சுருங்கிவிட்டது.

இன்று பலரும் செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளிகளை எண்ணியே இடைவெளியைச் சொல்லிவிடுகிறார்கள். அது எவ்வளவு பிழையானது என்பதை அறியக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. காடே இல்லாத சேத்தியாத்தோப்புக்கு வந்தால் போதும். கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியபின், மறுதாம்பு விடுமுன் வயலில் கிடக்கும் சோகைக்குத் தீ வைப்பது இப்பகுதியில் உள்ள வழக்கம். வெப்பப் புள்ளிகளைக் காட்டும் செயற்கைக்கோளின் வியர்ஸ் கருவியில் ஒரு பிக்சலின் பக்கம் 375 மீட்டர். பரப்பில் 14 ஹெக்டேர், ஏறக்குறைய 35 ஏக்கர். பகல் ஒன்றரை மணிவாக்கில் செயற்கைக்கோள் கடக்கும்போது ஒரு ஏக்கர் சோகை கொழுந்துவிட்டு எரிந்தாலும் புள்ளி விழக்கூடும்; எரிந்தது 35 ஏக்கர் ஆகாது. வெயில் தாழ்ந்தபின் வைத்த தீ, இரவுச் சுற்று வருமுன் அணைந்துவிட்டால் பதிவே இராது. காட்டிலும் இதே கதைதான். வெப்பப் புள்ளி தீ எங்கே என்று உடனே சொல்லும் எச்சரிக்கை; 2004 முதல் இந்திய வன அளவை நிறுவனம் அதை அப்படித்தான் பயன்படுத்திவருகிறது. பரப்புக்கு அது அளவுகோல் ஆகாது.

பரப்பை அளக்க எரிந்த தடத்தைத்தான் பார்க்க வேண்டும். தீப்பட்ட நிலத்தில் அண்மை அகச்சிவப்பு ஒளியின் எதிரொளிப்பு குறைகிறது, குறுஅலை அகச்சிவப்பு கூடுகிறது. முன்னும் பின்னும் எடுத்த படங்களில் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் கரிந்த எல்லை துலங்கும். லேண்ட்சாட் படங்கள் 30 மீட்டர் நுணுக்கத்தில் 1980களிலிருந்தே உள்ளன. ஆனால் ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும். அதற்குள் ஒரு கோடை மழை பெய்தால் கரி கரைந்து புல் துளிர்த்துவிடும். முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு: மாசி, பங்குனியில் இலை கொட்டி நிற்கும் தேக்கங்காடு, எரியாமலே எரிந்ததுபோலத் தோன்றும். களத்தில் சரிபார்க்காத வரைபடத்தை நம்ப முடியாது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் சராசரி ஏமாற்றக்கூடும். முதலில் சொன்ன காட்டில் 40 சதுர கிலோமீட்டர் மட்டும் ஓராண்டு விட்டு ஓராண்டு எரிந்து, மீதி 60 ஒருமுறைகூட எரியாதிருந்தாலும் விடை அதே 5 ஆண்டுதான். 5 ஆண்டுக்கொருமுறை எரியும் இடமோ அங்கே எதுவுமில்லை. அடிக்கடி எரியும் பகுதியில் மரக்கன்றுகள் தீக்குத் தாங்கும் உயரத்தை எட்டுவதே அரிது. ஆகவே ஒவ்வொரு பிக்சலும் எத்தனை முறை எரிந்தது என்று தனித்தனியே எண்ணி, எண்களின் பரவலையே முடிவாகத் தர வேண்டும். பதிவுக்காலம் முழுதும் எரியாத இடங்களையும் விட்டுவிடலாகாது. 20 ஆண்டுப் படங்களில் தீயே காணாத சோலைக்காட்டுக்கு இடைவெளி 20 ஆண்டு என எழுதுவது தவறு. 20க்கு மேல் என்று மட்டுமே எழுதலாம்.