பழைய ஜீப்பில் 'டங்'னு சத்தம், தரையில் ஆயில் சொட்டு... கோளாறு எங்கேன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்!

1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி, 2010-ல் வந்த மஹிந்திரா தார்... இந்த மாதிரி பழைய 4 வீல் டிரைவ் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி மலை ஏறணும்கிற ஆசை உங்களுக்கும் இருக்கா? வண்டியோடு சேர்த்து சில சத்தங்களும் சொட்டுகளும் வீட்டுக்கு வரும். 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுவது ஆபத்து. பயந்துபோய் கண்ட பார்ட்டையெல்லாம் மாற்றுவது பர்ஸுக்கு ஆபத்து. சத்தம் எப்போ வருது, சொட்டு எங்கே விழுது? இந்த ரெண்டையும் கவனிச்சாலே பாதி கோளாறு பிடிபட்டுடும்.

எந்தெந்த இடத்தில் சத்தம் வரலாம்?

இன்ஜின் சக்தி கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும். அங்கிருந்து முன்னும் பின்னும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக டிஃபரன்ஷியலுக்கும், கடைசியாகச் சக்கரத்துக்கும் போகும். ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் வேறு இருக்கும். ஆக, தேய்வதற்கு ஜாயின்ட்டுகள் அதிகம்.

சத்தம்: எப்போ வருதுன்னு பாருங்க

* கியர் போட்டு கிளம்பும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் 'டங்': முதல் சந்தேகம், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் மேல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்க. ஜாயின்ட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் அதுதான். மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று கேட்டால், ஜாயின்ட்டில் கிரீஸ் வற்றியிருக்கலாம்.
* குறிப்பிட்ட வேகத்தில் 'ங்ங்ங்' என்ற ஊளை: ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும், விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் டிஃபரன்ஷியலைப் பாருங்க. ஆயில் குறைவு அல்லது கிரவுன்-பினியன் தேய்மானம் காரணமாக இருக்கலாம்.
* வளைவில் மாறும் 'ஹும்': இடது பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால், வலது பக்க வீல் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால், அது டயர் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.
* ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது 'டக் டக்': தார் போல தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சி.வி ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் தெறித்திருக்கான்னு பாருங்க.
* கிளட்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல்: கிளட்ச் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கிளட்சை விட்டால் இரைச்சல், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கியர்பாக்ஸ் பேரிங்.
* தார் ரோட்டில் 4 வீல் போட்டுத் திரும்பும்போது இழுவை, குதிப்பு: இது பெரும்பாலும் கோளாறே இல்லை. இந்த வண்டிகளில் 4 வீல் என்பது மண், மணல், சேறுக்கு மட்டும்தான். காய்ந்த ரோட்டில் போட்டால் கியர்கள் இறுகி, நல்ல வண்டியும் கெட்டுப்போகும்.

சொட்டு: ஓர் அட்டைப்பெட்டி போதும்

இரவில் பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, நாலு சக்கரமும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறிச்சு வைங்க. காலையில் எந்தச் சொட்டு எங்கே விழுந்திருக்குன்னு தெளிவாகத் தெரியும்.

* பழுப்பு அல்லது கறுப்பு: இன்ஜின் ஆயில்.
* கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு: கியர் ஆயில்.
* சிவப்பாக, மெலிதாக: பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஆயில்.
* பச்சை அல்லது பிங்க், இனிப்பு வாசனை: கூலன்ட். இது விஷம். நாய், பூனை நக்காதபடி உடனே துடைச்சிடுங்க.
* வெளிர் மஞ்சளாக, வழவழப்பாக, சக்கரத்தின் உள்பக்கம்: பிரேக் ஃப்ளூயிட்.
* வெறும் தண்ணீர்: ஏ.சி-யிலிருந்து வருவது. கவலையே வேண்டாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால், வாசனை முக்கியம். இன்ஜின் ஆயில் என்றால் இன்ஜினின் பின்பக்க சீல். கியர் ஆயில் என்றால் கியர்பாக்ஸின் முன்பக்க சீல். ஓடும்போது ஆயில் கீழேயும் பின்னாலேயும் பரவும். அதனால் அடிப்பாகத்தை நன்றாகத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, ஈரம் தெரியும் இடங்களில் ரொம்ப மேலேயும் முன்னாலேயும் இருப்பதைத் தேடுங்க. லீக் அங்கேதான் ஆரம்பிக்குது.

சீல் மாற்றும் முன் இதைப் பாருங்க

ஆக்ஸில் மேலே காற்று போக ஒரு சின்ன ப்ரீதர் இருக்கும். அது மண் அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் பிதுங்கும். ப்ரீதரைச் சுத்தம் செய்ய பெரிய செலவே இல்லை. ஓடையில் இறக்கிய வண்டி என்றால் ஆயில் நிறத்தையும் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு, உடனே மாற்றணும்.

ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் பக்கத்து பிளக் திறக்குதான்னு பார்த்துட்டுதான் கீழ் பிளக்கைக் கழற்றணும். மேலே திறக்காமல் கீழே வடித்துவிட்டால், ஆயில் இல்லாத வண்டியோடு மாட்டிக்குவீங்க. வடித்த ஆயிலில் மெல்லிய இரும்புப் பொடி சகஜம். துண்டு துண்டாக வந்தால் உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கு.

இதில் மட்டும் ரிஸ்க் வேண்டாம்!

பின் சக்கரத்தின் உள்பக்கம் கியர் ஆயில் வழிந்திருந்தால், ஆக்ஸில் சீல் போயிருக்கலாம். அந்த ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது தெரியவந்தால் என்ன ஆகும்? பிரேக் ஃப்ளூயிட் லீக், ஷாஃப்ட்டில் பெரிய ஆட்டம் இருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது, 'ஏதோ சத்தம் வருதுண்ணே' என்று சொல்லாதீங்க. சத்தத்தை போனில் ரெக்கார்டு செய்து, அட்டையை போட்டோ எடுத்து, 'மூணாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டா மட்டும் வருதுண்ணே' என்று சொல்லுங்க. தேவையில்லாத பார்ட்டுக்கு நீங்க காசு கொடுக்க வேண்டியிருக்காது!