படம் இல்லாத நேரம்

கேமரா சென்சார்களுக்கு டிரைவர் மென்பொருள் எழுதுவது என் வேலை. புது சென்சாரைப் பலகையில் பூட்டி மின்சாரம் கொடுத்ததும் ஆசிலோஸ்கோப்பின் முனையை முதலில் விசிங்க் பின்னில்தான் வைப்பேன். ஃப்ரேமுக்கு ஒரு துடிப்பு. அது சீராக வந்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. அந்தத் துடிப்பை ஒட்டித் தரவே வராத ஒரு நேரம் இருக்கும். பிளாங்கிங் என்போம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: "சும்மா கிடக்கிற இந்த நேரத்த எடுத்துட்டா வேகம் கூடாதா சார்?" நியாயமான கேள்வி. பதில் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் இருக்கிறது.

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் இஎம்ஐ பொறியாளர்கள் உருவாக்கிய 405 வரி முறை, பெயர்டின் 240 வரி முறையோடு மாறிமாறி ஓடி, சில மாதங்களிலேயே வென்றது. அதன் படம் கண்ணாடிக் குழாயில் எலக்ட்ரான் கற்றையால் வரையப்பட்டது. தட்டச்சு எந்திரத்தின் உருளையைப் போல, ஒரு வரி முடிந்ததும் கற்றை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி வரி முடிந்ததும் மேலே ஏற வேண்டும். திரும்பும் வழியில் ஒளிர்ந்தால் படத்தின் குறுக்கே கோடு விழும். அதனால் அவ்வளவு நேரமும் கற்றையை அணைத்தார்கள். பிளாங்கிங் பிறந்த காரணம் இதுதான்.

எப்போது திரும்புவது என்பதையும் அதே அலையில் அனுப்பியாக வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழியை இன்றும் வியக்கிறேன். நம் தூர்தர்ஷன் பின்பற்றிய 625 வரி முறையிலேயே அதைப் பார்க்கலாம். 1 வோல்ட் சிக்னலில் மேலே 0.7 வோல்ட் படத்துக்கு, கீழே 0.3 வோல்ட் திரும்பச் சொல்லும் கட்டளையான சிங்க்குக்கு. படத்தின் அடர்ந்த கறுப்புகூட அந்தக் கீழ்ப்பகுதிக்கு இறங்காது. ஆகவே எது படம், எது கட்டளை என்று தொலைக்காட்சிப் பெட்டி மின்னழுத்தத்தை வைத்தே பிரித்துவிடும். ஒரு வரிக்கு 64 மைக்ரோ நொடி. அதில் படம் 52, பிளாங்கிங் 12. அந்த 12க்குள் சிங்க் துடிப்பு 4.7. துடிப்புக்கு முன்னே ஒன்றரை மைக்ரோ நொடி இடைவெளி விட்டார்கள். வலது ஓரத்தில் பளிச்சென்ற வெள்ளை இருந்தாலும், துடிப்பு வருமுன் சிக்னல் கறுப்புக்கு இறங்கிவிட வேண்டுமே! 625 வரிகளில் படம் தாங்கியவை 575தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ கால்வாசி நேரம் படமே வரவில்லை. அந்தக் கால்வாசியில் வரும் செங்குத்து சிங்க் துடிப்பைப் பெட்டி தவறவிட்டால் படம் மேலும் கீழும் உருளும். வெர்டிகல் ஹோல்ட் குமிழைத் திருகி நிறுத்துவோம்.

வெறும் நேரம் வெறுமனே கிடக்கவில்லை. 1953இல் அமெரிக்காவில் வண்ணம் வந்தபோது, அதற்கான அடையாள அலையைச் சிங்க் துடிப்புக்குப் பின்னால் இருந்த இடத்தில் வைத்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து ஓடின. 1974இல் பிபிசியின் சீஃபேக்ஸ், கண்ணுக்குத் தெரியாத வரிகளில் செய்திகளை எழுத்தாக அனுப்பியது. 1980இல் அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்கான வசனங்கள் 21ஆம் வரியில் ஏறின.

1982இல் தொலைக்காட்சிக்கு டிஜிட்டல் தரம் வகுத்தவர்கள், சிக்னலை மாதிரி எடுக்கும் வேகமாக 13.5 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தார்கள். 625 வரி முறையில் ஒரு வரிக்கு 864 மாதிரிகள். படத்துக்கு 720, மீதி 144 பிளாங்கிங். அதைக் கம்பியில் கொண்டுசெல்லும் முறையில் வரியின் தொடக்கமும் முடிவும் 255, 0, 0 என்ற எண்களோடு வரும். 0, 255 இரண்டையும் படம் தொடக்கூடாது என்பது விதி. கறுப்புக்கும் கீழே கட்டளை வைத்த அதே யோசனை, எண்ணாக மாறியிருக்கிறது.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். மாணவர்கள் கையில் நிறையப் புழங்கும் ஓவி7670 சென்சாரில் எலக்ட்ரான் கற்றை கிடையாது; திரும்பிப் போக எதுவும் இல்லை. ஆனாலும் அதன் தரவுத்தாளில் ஒரு வரிக்கு 784 பிக்சல் நேரம். படத்துக்கு 640, மீதி 144. ஃப்ரேமுக்கு 510 வரி நேரம், படத்துக்கு 480. பெருக்கிப் பாருங்கள், இங்கேயும் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் படம் இல்லை. காரணம்தான் வேறு. இத்தகைய சென்சார்களில் ஒரு வரிசையின் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துப் பிறகு வெளியே தள்ள நேரம் வேண்டும். நாம் மாற்றிய அமைப்புகள் ஃப்ரேமின் நடுவே புகாமல் எல்லையில் அமலாக வேண்டும். எதிர்முனையில் என் டிரைவர், நிரம்பிய பஃபரை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும்.

இன்றைய கைபேசிகளில் இருக்கும் மிப்பி சிஎஸ்ஐ-2 இணைப்பில் தனி சிங்க் கம்பியே கிடையாது. ஃப்ரேம் தொடக்கம், ஃப்ரேம் முடிவு என்று 4 பைட் சிறு பொட்டலங்கள் வரும். இடையில் கம்பிகள் குறைந்த மின்சார நிலைக்குப் போய் ஓய்வெடுக்கும். பிளாங்கிங் அங்கேயும் தொடர்கிறது. மங்கிய அறையில் வீடியோ எடுக்கும்போது கூடுதல் ஒளி சேர வேண்டுமானால், செங்குத்து பிளாங்கிங்கை நீட்டித்தான் ஃப்ரேமை நீளமாக்குகிறோம்.

எனவே பிள்ளைகளிடம் சொல்வேன்: எடுக்கலாம், ஆனால் அந்த நேரத்தை நம்பி யார் யார் வேலை செய்கிறார்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். கற்றை போய்விட்டது, அது விட்டுச்சென்ற இடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் புதிய வேலையைக் குடிவைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் போட்டு முடித்தவர் டிரைவர் எழுதத் தயார்.