தீவனச் சாக்கு ஆடை

மாவு, சர்க்கரை, கோழித்தீவனம் முதலியவை அடைத்து வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்து அமெரிக்கப் பண்ணைக் குடும்பப் பெண்கள் தைத்த உடைகள் தீவனச் சாக்கு ஆடைகள் எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இப்பழக்கம் 1930களிலும் 1940களிலும் உச்சத்தை எட்டியது. 1960களில் ஏறத்தாழ மறைந்தது. வறுமைக் காலச் சிக்கனம் என்றே இதைப் பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒரு பொருளின் இரண்டாவது பயன் அதைச் செய்பவரின் கணக்கிலும் இடம்பெறும்போதுதான் மறுபயன்பாடு ஊர்ப் பழக்கமாக வேரூன்றுகிறது.

மாவும் தானியமும் முன்பு மரப்பீப்பாய்களில் அனுப்பப்பட்டன. எலியாஸ் ஹோவ் 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின், பாரம் தாங்கும் உறுதியான தையலை இயந்திரமே போட முடிந்தது. பீப்பாயின் இடத்தைச் சாக்கு பிடித்தது. பழைய பழக்கம் விடாமல், 196 பவுண்டு பீப்பாயில் பாதியான 98 பவுண்டு, கால்பங்கான 49 பவுண்டு என்ற அளவுகளிலேயே மாவுச் சாக்குகள் வந்தன. முரட்டுக் காடாத்துணியில் ஆலையின் பெயரும் சின்னமும் கெட்டியான மையில் அச்சாகியிருக்கும். பெண்கள் மண்ணெண்ணெயோ பன்றிக்கொழுப்போ தடவி ஊறவைத்து, காரச் சோப்பிட்டு வேகவைத்து அந்த எழுத்தைப் போக்கினார்கள். சங்கிலித் தையலை ஒரு முனையில் இழுத்தால் முழு நூலும் கழன்று வரும். அந்த நூலும் பின்னல் வேலைக்குச் சேமிக்கப்பட்டது. உள்ளாடை, துவாலை, தலையணை உறை, குழந்தைத் துணி என வீட்டுக்குள் புழங்கும் பொருள்களே அப்போது அதிகம் தைக்கப்பட்டன.

முதல் உலகப்போரின்போது இச்சாக்குகள் கடல் கடந்தும் மறுபிறவி எடுத்தன. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரணக் குழு, ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்ஜியத்துக்கு 1914 முதல் மாவு அனுப்பியது. பருத்தி வெடிமருந்துத் தயாரிப்புக்குப் போய்விடக் கூடாது என்பதால் காலிச் சாக்குகள் கணக்கிட்டுத் தொழிற்பள்ளிகளுக்கும் தையற்கூடங்களுக்கும் கொடுக்கப்பட்டன. அங்கே பெண்கள் ஆலைச் சின்னத்தை அழிக்காமல் அதன்மேலேயே பூத்தையல் போட்டு, நிவாரண நிதிக்கு விற்றார்கள். நன்றிப் பரிசாகவும் அனுப்பினார்கள். அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் ஊரிலுள்ள ஹூவர் அருங்காட்சியகத்தில் இவற்றின் பெருந்தொகுப்பு உள்ளது.

பெரிய திருப்பம் 1920களில் வந்தது. உள்ளிருக்கும் பொருள் தீர்ந்தபின் உடைக்கு உதவும் துணியிலேயே சாக்கு செய்யும் முறைக்கு ஆசா பேல்ஸ் என்பவர் 1924இல் காப்புரிமை கோரினார். செயின்ட் லூயிஸ் நகர மாவு ஆலை ஒன்று கட்டம் போட்ட துணிச் சாக்கில் மாவை விற்கத் தொடங்கியது. போட்டி ஆலைகளும் பின்தொடர்ந்தன. எளிதில் கரையும் மை வந்தது. பெயர்ச்சீட்டு காகிதப் பட்டையாக மாறியது. பூப்போட்ட துணிகளை வரைய ஓவியர்கள் அமர்த்தப்பட்டனர். சாக்கில் என்னென்ன தைக்கலாம் என்று விளக்கும் கையேடுகளும் வெளியாயின. நூறு பவுண்டுத் தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமான துணி கிடைக்கும். ஒரு பெண்ணின் உடைக்கு ஏறக்குறைய மூன்று சாக்குகள் வேண்டும். ஒரே பூவடிவில் மூன்று சேரவேண்டும் என்பதால் எந்த மூட்டையை வாங்குவது என்பதை வீட்டுப் பெண்களே முடிவு செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கடைத்துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தொழிற்பொருளாகக் கருதப்பட்ட சாக்குத்துணி கைகொடுத்தது.

வேறு வழியில்லாதவர்கள் செய்ததைப் படைப்பாற்றல் என்று புகழ்வது அவர்கள் பட்ட துன்பத்தை மறைப்பதாகும் என்று ஒரு மறுப்பு உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் கொடியதுதான். சாக்கை உடுத்துவதில் பலருக்குக் கூச்சமும் இருந்தது. ஆயினும் உடலை மறைப்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் எழுத்தைப் போக்கவும், சாயமேற்றவும், ஓரத்தில் பின்னல் வைக்கவும் அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்காது. இல்லாமை அவர்களைச் சாக்கிடம் கொண்டுவந்தது. அதை எப்படித் தைப்பது என்பதை அவர்களுடைய ரசனை தீர்மானித்தது. பூப்போட்ட சாக்கு வெறும் விற்பனைத் தந்திரம் என்பது இரண்டாவது மறுப்பு. ஆலைகள் லாபத்துக்காகவே அதைச் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண்கள் ஏற்கெனவே சாக்கைத் தைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த லாபத்துக்கு வழி பிறந்தது. முதலில் பாரம் சுமந்து, பிறகு உடையாகி, கிழிந்தபின் ஒட்டுப்போர்வையாகி, ஒரே பருத்தி பல ஆண்டுகள் உழைத்தது.

போருக்குப் பின் பல அடுக்குக் காகிதப் பைகள் மலிவாயின. பருத்திச் சாக்கைக் காக்கத் துணித்தொழில் அமைப்புகள் தையல் போட்டிகள் நடத்தின. கான்சாஸ் பெண் ஒருவர் 1959இல் தைத்த போட்டி உடை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் ஆலைகள் முதற்பயனின் செலவை மட்டும் கணக்கிட்டபோது சாக்கு தோற்றது. இன்றைய நிலைமை பெரும்பாலும் அந்தக் கணக்கின் தொடர்ச்சியே. சூரிச் நகரில் ஃப்ரைடாக் சகோதரர்கள் 1993 முதல் பழைய லாரித் தார்ப்பாய், கார் இருக்கைப் பட்டை, சைக்கிள் டியூப் ஆகியவற்றால் பைகள் செய்வது பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் அந்தத் தார்ப்பாய் நெய்யப்பட்டபோது பையை யாரும் எண்ணவில்லை. அதைக் கழுவி வெட்டித் தைக்கும் உழைப்பு முழுவதும் பிற்காலத்தவர் மேல் விழுகிறது. பையின் விலையும் அதற்கேற்ப உயர்கிறது. கழிவிலிருந்து அழகு செய்யும் கைகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்தக் கைகளை எண்ணிப் பொருளைச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் ஏற்காதவரை, மறுபயன்பாடு வசதியுள்ள சிலரின் விருப்பமாகவே சுருங்கி நிற்கும்.