ஹெரால்டு ஏன் சத்தம் போட்டது? – வண்டலூர் கார் ஒன்றின் கீழ்ப்பக்க வரலாறு

"ஸ்டாண்டர்டு ஹெரால்டா? பார்க்க அழகு சார், ஆனா கீழே ஒண்ணும் இல்லை." பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி ஒரு தீர்ப்பு எங்கிருந்தாவது வந்துவிடும். அம்பாசடர் மாடு மாதிரி உழைக்கும், ஃபியட் சிக்கனம், ஹெரால்டு மட்டும் சஸ்பென்ஷன் வீக். பல வருஷமாகக் கேட்டுக்கேட்டு நானும் இதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவர் ஒரு மார்க் 3 ஹெரால்டை வாங்கப் போவதாகச் சொல்லி, "அண்ணா, எங்கெங்க சத்தம் வரும், எதைப் பார்க்கணும்?" என்று கேட்டார். அவருக்காகக் குறிப்பெடுக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. எடுக்க எடுக்க, அந்தத் தீர்ப்பில் பாதி காரைப் பற்றியது, மீதிப் பாதி அதைப் பராமரித்த முறையைப் பற்றியது என்று தோன்றியது.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948ல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு 1961லிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. உருவம் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்தது. அங்கே எஞ்சின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போக, நம்ம ஊரில் கடைசிவரை 948 சி.சி.தான். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அங்கே 1971ல் ஹெரால்டு நின்றது. இங்கே 1972ல் அதன் வாரிசாக கெஸல் வந்தது. கெஸலுக்குப் பிறகு வருகிறேன்.

ஹெரால்டின் கீழே குனிந்து பார்த்தால் அந்தக் காலத்து இந்தியச் சாலையில் ஓடிய மற்ற கார்களிலிருந்து அது எவ்வளவு விலகி நின்றது என்று புரியும். அம்பாசடரின் பின்பக்கம் நேரான விஷயம்: ஒரு கட்டி ஹௌசிங், அதற்குள் கிரவுன் பினியன், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மொத்த ஹௌசிங்கும் சாயும். அவ்வளவுதான். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸியோடு போல்ட் போட்டு அசையாமல் நிற்கும். அதன் தலைமேல் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட், ஒவ்வொன்றுக்கும் டிஃபரன்ஷியல் ஓரத்தில் ஒரே ஒரு யு-ஜாயிண்ட். பறவை இறக்கையை மேலும் கீழும் ஆட்டுவது மாதிரி சக்கரங்கள் ஆடும். ஸ்விங் ஆக்சில் என்பது இதுதான்.

இந்த அமைப்பிலிருந்தே ஹெரால்டின் பாதிச் சத்தங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். அம்பாசடரில் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு யு-ஜாயிண்ட். ஹெரால்டில் அந்த இரண்டோடு ஆக்சிலில் இன்னும் இரண்டு, ஆக நான்கு. கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து "டொக்" என்று அடித்தால் சந்தேகப்பட நான்கு இடம் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லை என்று காரையே திட்டியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பார்க்கும் வழி சுலபம். வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகினால் எந்த ஜாயிண்ட்டில் ஆட்டம் என்று கண்ணுக்கே தெரியும். கிராஸின் மூடியைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருப்பொடி கசிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

யு-ஜாயிண்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. கோணத்தில் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது; ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த ஜாயிண்ட்டை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அவர் பெயரே அதற்கு இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்டில் இரண்டு ஜாயிண்ட்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால் ஒன்று செய்யும் கோளாறை இன்னொன்று சரிசெய்துவிடும். சறுக்கு முனை இருக்கும் ஷாஃப்டைக் கழற்றி, பல் மாற்றி மாட்டிவிட்டால் போச்சு. புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும். ஆகவே பழைய வண்டியில் "இப்பத்தான் சார் ஜாயிண்ட் எல்லாம் புதுசு போட்டோம்" என்று சொன்னால் நிம்மதியடைவதைவிட குனிந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது ஊளை. டிஃபரன்ஷியல் நேராகச் சேஸியில் உட்கார்ந்திருப்பதால் ஹெரால்டில் கிரவுன் கத்தினால் காருக்குள் நன்றாகவே கேட்கும். அம்பாசடரில் அதே சத்தத்தைப் பட்டையும் புஷ்ஷும் கொஞ்சம் விழுங்கிவிடும். கிரவுன் சத்தமா, சக்கர பேரிங் சத்தமா என்று பிரிக்க ஒரு பழைய வழி: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும், விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் கிரவுன் பினியன். ஆக்சிலரேட்டரைச் சட்டையே செய்யாமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பாருங்கள். பாரம் அந்தப் பக்கம்தான் சாயும்.

சத்தத்தைவிடப் பெரிய விஷயம் ஸ்விங் ஆக்சிலின் நடத்தை. வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கும், பிடி போய்விடும். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் காரின் இதே மாதிரி அமைப்பை வைத்துத்தான் ரால்ஃப் நேடர் 1965ல் தன் புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். (1972ல் அமெரிக்க அரசின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கார்வேர் மோசமில்லை என்று முடித்தது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.) நம்ம ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கும் அன்றைய நம் சாலைகளுக்கும் அந்த வேகம் அபூர்வம். இங்கே சிக்கல் வேறு மாதிரி: ஆறு பேர் ஏறி, டிக்கி நிறைய மூட்டை. குறுக்குப் பட்டை தளர்ந்து, பின்சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே கால் அகட்டி நிற்கும். டயர் உள்பக்கம் மட்டும் தேயும். பழைய ஹெரால்டை நேர் பின்னாலிருந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

ஆனால் உயிர்போகிற விஷயம் முன்சக்கரத்தில் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது மேலே ஒரு பால் ஜாயிண்ட்டிலும், கீழே ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டியிலும். நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கையின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும்; அது அந்த வெண்கலத்துக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் மரை கொஞ்சம் உள்ளே போய் வெளியே வரும். கெட்ட வடிவமைப்பு என்று சொல்லிவிட முடியாது. இதே கையை அந்தக் காலத்தில் லோட்டஸ் உட்பட எத்தனையோ கார்களில் எடுத்துப் போட்டார்கள். ஒரே நிபந்தனை: அதற்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கம்பெனி சொன்னதும் அதைத்தான். கிரீஸ் மரையின் ஆழத்துக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். இரும்பு துருப்பிடித்து, மரையின் அடியில் கீறல் விட்டு, ஒரு நாள் ஒடியும். பெரும்பாலும் ஒடிவது முழு ஸ்டீயரிங் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான். சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக் கார் உட்கார்ந்துவிடும். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பது அதன் பெரிய பெருமை. அந்தப் பெருமையின் பாரம் விழுவதும் இதே மரையில்தான்.

இப்போது நம்ம ஊர் வாட்டர் சர்வீஸை நினைத்துப் பாருங்கள். காரை உயர்த்தி, தண்ணீர் பீய்ச்சி, கிரீஸ் கன்னோடு ஒரு பையன் கீழே போவான். கண்ணில் பட்ட எல்லா இடத்திலும் அடிப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற கார்களில் அதுதான் சரியான வேலை. ஒரே பட்டறையில் பத்து கார் வந்தால் அதில் ஒன்றுக்கு மட்டும் வேறு சட்டம் என்று யார் சொல்லித்தருவது? சஸ்பென்ஷன் வீக் என்ற பெயரில் கணிசமான பங்கு இந்த கிரீஸ் கன்னுடையது என்பது என் வாசிப்பு.

தம்பி பார்த்த காரில் இரண்டு ட்ரனியனிலும் கிரீஸ் நிப்பிள் போட்டு, கெட்டியாகப் பழுப்பு கிரீஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் எதுவும் இல்லை. சத்தமும் இல்லை. விற்கிறவர் "பாருங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றார். ஆட்டம் இல்லாததாலேயே கீறல் இல்லை என்று ஆகாது என்பதால் இரண்டு பக்கமும் கையையும் ட்ரனியனையும் புதுசாக மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசச் சொன்னேன். கழித்தே வாங்கினார். கழற்றிய இடப்பக்க மரையில், கடைசிச் சுற்றுக்கு மேலே, நகத்தால் உரசினால் தட்டுப்படுகிற ஒரு கோடு இருந்தது.

இன்னொரு சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், வீணாகச் செலவு வைப்பது. ஹெரால்டு பாடி ஒரே கூடு இல்லை. துண்டு துண்டாகச் செய்து சேஸிமேல் போல்ட் போட்டது. ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டிக்காரர் பி.எம்.சி. வாங்கிவிட்டதால், பல இடத்தில் துண்டுகளாகச் செய்வித்து ஒட்டுகிற மாதிரி வடிவமைக்க வேண்டியதாயிற்று. விளைவு, போல்ட் தளர்ந்தால் கடகடவென்று ஆடும். மேடு பள்ளத்தில் வரும் அந்தச் சத்தத்தை ஷாக் அப்சார்பர் என்று நினைத்து மாற்றுவார்கள். நல்லவேளை, பானெட் முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் மடியும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே முன் சஸ்பென்ஷன் முழுவதையும் பார்க்கலாம். இன்றைய கார்களில் அந்தக் கொடுப்பினை இல்லை.

கெஸலுக்கு வருவோம். 1972ல் வண்டலூர்க்காரர்கள் ஹெரால்டின் முகத்தை மாற்றிக் கெஸல் என்று விட்டபோது செய்த பெரிய மாற்றம் பின்னால்தான்: ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, அம்பாசடர் மாதிரி ஒரு கட்டி ஹௌசிங்கைப் போட்டார்கள். தொழில்நுட்பத்தில் பின்னோக்கிய அடி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு யு-ஜாயிண்ட் இரண்டாயிற்று. பாரம் ஏற்றினாலும் சக்கரம் நேராக நின்றது. எந்தப் பட்டறையிலும் புரிந்த அமைப்பு. முன்சக்கரத்து ட்ரனியன் மட்டும் அப்படியே தொடர்ந்தது. கெஸல் வாங்குகிறவர்களும் அங்கே கிரீஸா ஆயிலா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.