ஏட்டுச்சுவடி முதல் வன்தட்டு வரை

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் அளவையாளர் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளந்து வந்தார். மலைகளுக்கிடையே ஒரு சமவெளி கண்டதாக அவர் எழுதினார். ஆனால் அங்குச் செல்ல வழிகாட்டும் தெளிவான வரைபடம் கிடைக்கவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்க்கும் வரை, நாற்பது ஆண்டுகள் இந்த இடம் ஒரு பெயராகவே இருந்தது. இன்று நாம் கொழுந்தெடுக்கும் மலையின் கதை இது. ஒருவரிடம் மட்டும் இருக்கும் செய்தி அவரோடு போய்விடும்.

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள். பனை ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். ஆகவே பழைய ஏடு நொறுங்குமுன் புதிய ஏட்டில் படி எடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், அதன் படிகள் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்ததுதான். ஒன்றில் சிதைந்திருந்த வரியை மற்றொன்றில் கண்டெடுத்தார்.

இதற்கு மாறான துயரத்தையும் கண்டோம். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இருந்த நூலை மீண்டும் வாங்க முடிந்தது. படி இல்லாத சுவடி திரும்பவே இல்லை. 2005-இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களைப் படம் பிடித்துச் சேமித்து வருகின்றனர்.

நம் வீட்டில் நூலகம் இல்லையே என்று எண்ண வேண்டாம். தோட்டத்து வீட்டின் தகரப் பெட்டியே நம் நூலகம். தாத்தாவின் புகைப்படம், பாட்டியின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு எல்லாம் அதில்தான் உள்ளன. 1948-இல் அவசரகாலம் தொடங்கி, மலாயாவில் அடையாள அட்டை வந்தது முதல், ஒரு தாள் கையில் இருப்பதும் இல்லாததும் நம்மவர் பலரின் குடியுரிமையையே பாதித்தது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது உயிர்கள் போயின, வீடுகளும் அழிந்தன. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தகரப் பெட்டி எம்மாத்திரம்?

ஆகவே தாள்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சேமிக்கிறோம். எதில் சேமிப்பது? 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்குக் குறையாது. கொண்டதோ 5 மில்லியன் எழுத்துகள். இன்று உள்ளங்கையில் அடங்கும் 'ஹார்ட் டிஸ்க்' அதைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளும்.

இப்போது கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேண்டும்போது கம்பியில் இணைத்து, பிறகு கழற்றி வைக்கும் வெளி வன்தட்டு. மற்றொன்று, வீட்டு 'வைஃபை'யோடு இணைந்து எப்போதும் ஓடும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. வீட்டிலுள்ளோர் அனைவரின் படங்களும் தாமாகவே பெட்டிக்குள் போய்ச் சேரும். அது வசதிதான். ஆனால் விலை கூடுதல். மின்சாரம் இடைவிடாது வேண்டும். இடி மின்னல் தாக்கினால் ஆபத்து. உள்ளே இரண்டு தட்டுகள் ஒரே செய்தியைத் தாங்கினாலும், ஒன்று பழுதானால்தான் மற்றது உதவும். பிள்ளை தவறி ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒரே பெட்டியில் இருப்பவை இரண்டு இடத்தில் இருப்பவை ஆகா.

எனவே நம் போன்ற குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுதான்: ஒரு பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றதை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள மகள் வீட்டில் வையுங்கள். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லிப் புதியவற்றைச் சேருங்கள். பெட்டிதான் வேண்டுமென்றால், அதற்கும் வெளியூரில் ஒரு படி இருக்கட்டும். வன்தட்டும் பழுதாகும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏட்டைப் படியெடுத்தது போல, புதியதற்கு மாற்றுங்கள். மூலப் பத்திரத்தையும் பத்திரமாக வையுங்கள். படம் அதற்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால், படத்திலுள்ள பதிவு எண் புதிய படி கேட்டு விண்ணப்பிக்கத் துணைசெய்யும்.

இன்றிரவு பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அந்தத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யாரென்று பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பெயர் தெரியாத படம் எத்தனை இடத்தில் இருந்தாலும் பயனில்லை.