காற்றும் வட்டியும்

டென்மார்க்கிலே காற்று மின்சாரம் பள்ளிக்கூட வாசலிலேதான் பிறந்தது. அஸ்கோவ் கிராமத்தின் மக்கள் கல்லூரி ஆசிரியர் போல் லா கூர், 1891ஆம் ஆண்டில் காற்றாலை கொண்டு மின்சாரம் பிறப்பித்தார். கிராமங்களுக்கு ஒளியூட்டவென இளைஞரையும் பயிற்றினார். அவரிடம் பயின்ற யொஹானஸ் யூல், 1957இல் கெட்சரில் 200 கிலோவாற்று ஆலையை நிறுவினார். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், ட்வின்ட் பாடசாலை ஆசிரியரும் மாணவரும் தம் கைகளாலேயே பேராலையொன்றை எழுப்பி, 1978இல் இயக்கினர். சந்தை அறியாததை உழைப்பு அறிந்திருந்தது.

1991இல் காற்றாலை கடலில் இறங்கிற்று. விண்டபியில் நின்றவை 11 ஆலைகள். ஒவ்வொன்றும் 450 கிலோவாற்று. உலகின் முதலாவது கடற் காற்றாலைத் தொகுதி அதுவே. 2000ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகன் கரையருகே எழுந்த மிடல்குருண்டனின் 20 ஆலைகளிற் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாயிற்று.

ஆனால், கரையை விட்டு விலக விலகச் செலவு பெருகிற்று. கூட்டுறவின் சேமிப்பு வட கடலின் ஆழத்துக்குப் போதவில்லை என்பதை நாம் மறைத்தலாகாது. அவ்விடத்தே பெருமூலதனம் புகுந்தது. 2014இல் அரசாங்க எரிசக்திக் கம்பனியின் ஏறத்தாழ 18 வீதப் பங்கு கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு விற்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். கூட்டரசாங்கத்திலிருந்து ஒரு கட்சியே வெளியேறிற்று.

காற்றுக்கு விலையில்லை, எரிபொருட் செலவுமில்லை. ஆதலால் செலவின் பெரும்பகுதி ஆலை சுழலுமுன்னரே கடனாக எழுந்துவிடுகிறது. மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது காற்றின் வேகத்தைவிட வட்டி வீதமே எனலாம். வட்டி தாழ்ந்திருந்த 2016இல், கிரிகர்ஸ் பிளாக் தொகுதிக்கு ஒரு கிலோவாற்று மணிக்கு 0.372 குரோனர் எனக் கேள்வி விலை வீழ்ந்தது. 2022 முதல் வட்டி உயர்ந்தது. 2024 டிசம்பரில் வட கடலின் 3,000 மெகாவாற்றுக்கு அரசாங்கம் மானியமின்றிக் கேள்வி கோரியபோது, ஒருவர்தானும் முன்வரவில்லை. காற்று வழமைபோல் வீசிக்கொண்டுதான் இருந்தது!

2025இல் அரசாங்கம் 55.2 பில்லியன் குரோனர் வரை ஆதரவளிக்க இணங்கிற்று. நட்டத்தின் பாரத்தைப் பொதுமக்கள் சுமப்பதாயின், உடைமையில் அவர்தம் பங்கு யாது? லா கூரின் பள்ளிக்கூடம் அன்று விடையளித்த இவ்வினாவை, இன்று நாம் மீண்டும் எழுப்பவேண்டியிருக்கிறது.